விட்டது தப்பா, பார்க்காமல் விட்டது தப்பா?

*ஜடேஜாவை அனுப்பியது சரியா, அஸ்வினை விட்டது சரியா, ஜெகதீசனை விட்டிருக்கலாமா? உப்பிலியபுரம் டீக்கடையில் தொடங்கிய வழக்கு இது. ஆட்டக்காரர்களை அனுப்பிய அணிகளை எந்தத் தராசில் நிறுத்துவது?*

2025 நவம்பர் 15, சனிக்கிழமை. பச்சமலைப் பக்கம் மேகம் கவிழ்ந்து கிடந்தது. உப்பிலியபுரம் கடைத்தெருவில் டீக்கடை பெஞ்சு வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது. சென்னை சூப்பர் கிங்ஸ், ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டது என்ற செய்தி எல்லாருடைய செல்போனிலும் வந்துவிட்டது.

“கடைசி ரெண்டு பந்துல பத்து ரன் அடிச்சுக் கப்பு வாங்கிக் குடுத்த மனுசனய்யா அவன்! அவனைப் போய் அனுப்புவாங்களா?” என்று குமுறினார் மளிகைக் கடைக்காரர். 2023 இறுதிப் போட்டி அது. அகமதாபாத்தில் மழை பெய்து, ஆட்டம் நள்ளிரவைத் தாண்டி, ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி என்று மோகித் சர்மாவின் கடைசி இரண்டு பந்துகளில் முடிந்த கதையை மறந்தவர் அந்தப் பெஞ்சில் யாருமில்லை.

ஓரத்தில் ஒரு பெரியவர் பேசாமல் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அதற்கு முந்தைய மாதம்தான் தன் கறவை மாட்டை விற்றிருந்தார். வாங்கிப்போன வீட்டில் அது வேளைக்கு ஒரு லிட்டர் கூடுதலாகக் கறக்கிறதாம். பால் சொசைட்டிக்குப் போகும்போதெல்லாம் ஊரே அவரைச் சீண்டிக்கொண்டிருந்தது. “ஜடேஜாவை விடுங்க, மாமா மாட்டை வித்ததுக்கு என்ன பதில்?” என்று ஓர் இளவட்டம் கேட்டதும் பெஞ்சே சிரித்தது. பெரியவர் முகத்தில் வருத்தத்தின் சாயலே இல்லை. அது எனக்கு வியப்பாக இருந்தது. அதன் காரணத்தை அன்று மாலைதான் தெரிந்துகொண்டேன்.

விற்ற மாடு அடுத்த தொழுவத்தில் கூடுதலாகக் கறந்தால், விற்றவன் ஏமாளி என்கிறோம். விட்ட ஆட்டக்காரன் அடுத்த அணியில் சதம் அடித்தால், விட்ட அணியை முட்டாள் என்கிறோம். இரண்டு தீர்ப்பும் நடந்து முடிந்ததை வைத்துச் சொல்வது. முடிவெடுத்த அன்று அவர்கள் கையில் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அஸ்வின்: கை கட்டப்பட்ட ஏலம்

தமிழ்நாட்டு ரசிகனின் நெஞ்சில் ஆறாத வடு 2018 ஏலம். 2011 இறுதிப் போட்டியில், சேப்பாக்கத்தில், முதல் ஓவரிலேயே கிறிஸ் கெய்லை ரன் எடுக்க விடாமல் வெளியேற்றியவர் ரவிச்சந்திரன் அஸ்வின். அன்று அவர் 16 ரன்னுக்கு 3 விக்கெட். சென்னைக்கு இரண்டாவது கோப்பை. அந்த வீட்டுப் பிள்ளையை, இரண்டு ஆண்டுத் தடை முடிந்து திரும்பி வந்த சென்னை விட்டுவிட்டது, பஞ்சாப் 7.6 கோடிக்கு எடுத்துக் கேப்டனாகவும் ஆக்கியது.

கோபம் நியாயமானதுதான். ஆனால் அன்றைய விதியைப் பார்க்க வேண்டும். ஏலத்துக்கு முன் தக்கவைப்பதும், ஏலத்தில் சிறப்பு அட்டையைக் காட்டித் திரும்பப் பெறுவதும் சேர்த்து, இந்தியாவுக்காக ஆடிய இந்திய வீரர்களில் மூவரைத்தான் ஓர் அணி வைத்துக்கொள்ள முடியும். தோனி 15 கோடி, ரெய்னா 11 கோடி, ஜடேஜா 7 கோடி என்று அந்த மூன்று இடங்களும் நிரம்பிவிட்டன. 80 கோடிப் பையில் 33 கோடி போய், மீதி 47 கோடியில் ஏறக்குறைய முழு அணியையும் கட்ட வேண்டும். அஸ்வினை எடுக்க முயல்வோம் என்று ஏலத்துக்கு முன்பே தோனி வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். ஆனால் அட்டையைக் காட்ட வழியில்லை. போட்டி விலையில் பஞ்சாப் முந்திவிட்டது.

அதன்பின் சென்னை 2018, 2021, 2023 என மூன்று கோப்பைகள் வென்றது. அஸ்வின் பஞ்சாப், டெல்லி, ராஜஸ்தான் என்று சுற்றி வந்தார், கோப்பை கிடைக்கவில்லை. இதைக் காட்டி ‘விட்டது சரி’ என்று வாதாடவும் நான் தயாராக இல்லை. கோப்பை ஒருவருடைய கையால் வருவதில்லை. 2024 நவம்பரில் ஜெட்டா ஏலத்தில் 9.75 கோடி கொடுத்து சென்னை அவரை மீண்டும் அழைத்துவந்தது. 2025 தொடரில் 9 ஆட்டம், 7 விக்கெட். அணி முதல் முறையாகப் பட்டியலின் கடைசியில் நின்றது. ஆகஸ்டில் அவர் ஐபிஎல்லிலிருந்து ஓய்வு பெற்றார். விட்டது தவறு என்று நினைத்துத் திரும்ப அழைத்தாலும், விட்டுப்போன காலம் திரும்ப வருவதில்லை.

சென்னை அஸ்வினை அறியாமல் விடவில்லை. 2009 முதல் 2015 வரை ஏழு தொடர்கள் அவரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. அவர் யார் என்று தெரிந்திருந்தும் விதியும் பணமும் கையைக் கட்டின. அது வருத்தம். குற்றம் என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஓக்லஹோமா: பதின்மூன்று ஆண்டு வழக்கு

இந்த வழக்கு நம் ஊரோடு முடிவதல்ல. அமெரிக்கக் கூடைப்பந்து ரசிகர்கள் ஆண்டுக்கணக்காக இதே கேள்வியில் தூக்கம் இழக்கிறார்கள். ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியில் 2012-ல் கெவின் டுராண்ட், ரஸ்ஸல் வெஸ்ட்புரூக், ஜேம்ஸ் ஹார்டன் மூவரும் ஒன்றாக ஆடினார்கள். மூவருமே 25 வயதைத் தாண்டாதவர்கள். அந்த ஆண்டு இறுதித் தொடர் வரை போன அணி. சில மில்லியன் டாலர் சம்பள இழுபறியில் அந்த அக்டோபரில் ஹார்டனை ஹூஸ்டனுக்குக் கொடுத்துவிட்டார்கள். பின்னாளில் மூவருமே என்பிஏ-வின் அந்தந்த ஆண்டுச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார்கள்: டுராண்ட் 2014-ல், வெஸ்ட்புரூக் 2017-ல், ஹார்டன் 2018-ல். மூவரையும் ஒரே அணியில் வைத்திருந்து ஒரு கோப்பைகூட வாங்காத நிர்வாகி என்று சாம் பிரெஸ்டியை வையாத வாய் இல்லை.

அதே பிரெஸ்டிதான் 2019-ல் பால் ஜார்ஜை லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்கு அனுப்பினார். பதிலுக்கு வந்தவர்களில் ஒருவர், அன்று பெரிதாகப் பேசப்படாத ஷே கில்ஜியஸ் அலெக்ஸாண்டர். 2025-ல் சிறந்த வீரர் விருது அவருக்கு, கோப்பை ஓக்லஹோமாவுக்கு. 2012-ல் எழுதிய தீர்ப்பும் 2025-ல் எழுதிய தீர்ப்பும் ஒரே மனிதரைப் பற்றியவை. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

டாலஸ் அணியின் கதை வேறு. 2024-ல் அணியை இறுதித் தொடருக்குக் கொண்டுபோன லூகா டான்சிச்சை, அவருக்கு 25 வயது இருக்கும்போதே, 2025 பிப்ரவரியில் லேக்கர்ஸுக்கு அனுப்பினார்கள். ரசிகர்கள் அரங்க வாசலில் திரண்டு போராடினார்கள். அந்த முடிவை எடுத்த நிகோ ஹாரிசன் அதே ஆண்டு நவம்பரில் பதவியை இழந்தார். ஆனால் அந்த ரசிகர்கள் தீர்ப்புச் சொல்லக் காலம் கடக்கும்வரை காத்திருக்கவில்லை. முடிவு வந்த அன்றே, கையில் இருக்கும் மாணிக்கம் இது என்று தெரிந்தே தெருவுக்கு வந்தார்கள். அன்றே எழுந்த கேள்விக்கும், பத்தாண்டு கழித்து எழும் கேள்விக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

ஜெகதீசன்: ஆறு நாள் இடைவெளி

2022 நவம்பர் 15. சென்னை விடுவித்தவர்கள் பட்டியலில் கோவையைச் சேர்ந்த நாராயண் ஜெகதீசன் பெயர் இருந்தது. 2018-லிருந்து அந்த அணியில் இருந்தவர். அத்தனை ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்தவை 7 ஆட்டங்கள்.

நவம்பர் 21. பெங்களூரு சின்னசாமி மைதானம், விஜய் ஹசாரே கோப்பை, எதிரணி அருணாச்சலப் பிரதேசம். ஜெகதீசன் 141 பந்துகளில் 277 ரன். ஒருநாள் ஆட்ட வகையில், உலகத்தில் அதுவரை எவரும் ஓர் இன்னிங்ஸில் அவ்வளவு அடித்ததில்லை. சாய் சுதர்சன் 154. இருவரும் சேர்ந்து தொடக்க ஜோடியாக 416. தமிழ்நாடு 506. அந்தத் தொடரில் அவருக்கு அது அடுத்தடுத்து ஐந்தாவது சதம்.

அன்று தமிழ்நாடே சென்னை அணியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டது. நானும்தான். பிறகு கொல்கத்தா 90 லட்சத்துக்கு அவரை எடுத்தது. 2023-ல் 6 ஆட்டங்கள், 89 ரன். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்களும் விட்டுவிட்டார்கள். அதே 2023-ல் சென்னை கோப்பை வென்றது. அப்படியானால் விட்டது சரியா? எனக்கு அப்படியும் தோன்றவில்லை. ஓர் ஆட்டக்காரனை 7 ஆட்டம், 6 ஆட்டம் என்று கிள்ளிக் கொடுத்துப் பார்த்து, எவரால் எந்த முடிவுக்கு வர முடியும்?

அந்த இன்னிங்ஸில் மறுமுனையில் நின்ற சாய் சுதர்சன் சென்னைப் பையன். குஜராத் அவரை 2022-ல் 20 லட்சத்துக்கு எடுத்தது. 2023 இறுதிப் போட்டியில் சென்னைக்கு எதிராகவே 47 பந்தில் 96 அடித்தார். 2025-ல் 759 ரன்னோடு, தொடரில் அதிக ரன் எடுத்தவருக்கான ஆரஞ்சுத் தொப்பி அவர் தலையில்.

மூன்று தோல்விக்குப் பிறகு நான்காவது வாய்ப்பு

2020-ல் துபாய், அபுதாபி, ஷார்ஜாவில் நடந்த தொடரில் சென்னை முதல் முறையாக அடுத்த சுற்றுக்குப் போகாமல் வெளியேறியது. இளைஞர்களிடம் பொறி தெரியவில்லை என்ற பொருளில் தோனி பேசி, ஊரெங்கும் விவாதமானது. அப்போது அந்த அணியில் இருந்த ருதுராஜ் கெய்க்வாட்டின் முதல் மூன்று ஸ்கோர்: 0, 5, 0. அந்த இடத்தில் அவரை நிறுத்தியிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் நான்காவது ஆட்டமும் கொடுத்தார்கள். ஆட்டமிழக்காமல் 65. அடுத்து 72. அடுத்து மறுபடி ஆட்டமிழக்காமல் 62. மறு ஆண்டு 635 ரன், ஆரஞ்சுத் தொப்பி, கோப்பை. பிறகு கேப்டன் பதவி.

அதே 2020-ல், அதே அணியில், அதே பெஞ்சில் இன்னொரு பையன் இருந்தார். இடக்கைச் சுழல் பந்துவீச்சாளர் சாய் கிஷோர். 20 லட்சத்துக்கு எடுக்கப்பட்டவர். 2020-ல் ஓர் ஆட்டம் இல்லை. 2021-லும் இல்லை. 2022-ல் குஜராத் 3 கோடிக்கு எடுத்தது. இறுதிப் போட்டியில் 20 ரன் கொடுத்து 2 விக்கெட் எடுத்தார். கோப்பை வென்ற அணியில் நின்றார். 2023-24 ரஞ்சித் தொடரில் தமிழ்நாட்டுக் கேப்டனாக 53 விக்கெட் சாய்த்தார். அந்த ஆண்டு நாட்டிலேயே அதுதான் அதிகம்.

ஜடேஜா இருந்த அணியில் இன்னோர் இடக்கைச் சுழலுக்கு இடம் கிடைப்பது கடினம் என்பது எனக்குப் புரிகிறது. அவரோடு சேர்ந்து பயிற்சி செய்ததே பெரிய படிப்பு என்பதும் உண்மை. ஆனாலும் அடுத்த சுற்று கைவிட்டுப் போன பிறகு, தோற்றாலும் நட்டமில்லாத ஆட்டங்கள் 2020-ல் இருந்தன. ருதுராஜுக்குத் திறந்த கதவு சாய் கிஷோருக்குத் திறக்கவில்லை.

என் வழக்கு முழுவதும் இந்த இரண்டு பையன்களில்தான் நிற்கிறது. அணி ஆட்டக்காரரை விடலாம். விட்டுத்தான் ஆக வேண்டும். 25 பேருக்கு மேல் வைக்க விதியில் இடமில்லை. ஆனால் விடுவதற்கு முன்பு பார்த்திருக்க வேண்டும். பார்த்துவிட்டு விட்டால் அது கணிப்பு, கணிப்பு தவறலாம். பார்க்காமலே விட்டால் அதற்குக் கணிப்பு என்ற பெயர் பொருந்தாது.

சின்னப்பம்பட்டியும் பஞ்சாபும்

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகிய நடராஜனை 2017-ல் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. ஆறு ஆட்டம், இரண்டு விக்கெட். அடுத்த ஏலத்தில் ஹைதராபாத் வெறும் 40 லட்சத்துக்கு அவரை எடுத்தது. 2018-லும் 2019-லும் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஆனாலும் அவரை அனுப்பிவிடவில்லை. மூன்றாம் ஆண்டில், 2020-ல், 16 விக்கெட். அந்த டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்காக ஒருநாள், டி20. ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட். வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகப் போனவர் மூன்று வகை ஆட்டத்திலும் ஆடித் திரும்பினார். 2024 நவம்பர் ஏலத்தில் அவர் விலை 10.75 கோடி.

கட்டடக்கலை படித்துவிட்டுக் கிரிக்கெட்டுக்கு வந்த வருண் சக்கரவர்த்தியை 2018 டிசம்பரில் பஞ்சாப் 8.4 கோடிக்கு எடுத்தது. ஒரே ஆட்டம். முதல் ஓவரில் 25 ரன். பிறகு காயம், தொடர்ந்து விடுவிப்பு. கொல்கத்தா பாதி விலைக்கும் குறைவாக, 4 கோடிக்கு எடுத்தது. 2020-ல் 17 விக்கெட், 2024-ல் 21 விக்கெட். அந்த 2024 கோப்பையைக் கொல்கத்தா தூக்கியது நம் சேப்பாக்கத்தில்தான். பஞ்சாபின் கையில் அன்று இருந்தது ஒரே ஓர் ஆட்டம். காயம் பட்டவரைக் காத்திருந்து பார்ப்பது பெரிய செலவு. அந்தச் செலவைக் கொல்கத்தா ஏற்றது, பலனையும் அதுவே எடுத்துக்கொண்டது.

எங்கள் பக்கத்து ஊர்களில் கிரிக்கெட்டுக்குச் சமமாகக் கபடி பேசுவோம். 2022-ல் தமிழ் தலைவாஸ் 2.26 கோடி கொடுத்து பவன் ஷெராவத்தை எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அவர் தொடரிலிருந்தே விலகினார். எங்கள் ஊர்ப் பையன்கள் அன்றிரவு சாப்பிடாமல் படுத்தார்கள். அந்த வெற்றிடத்தில் இறங்கியவர் நரேந்தர் என்ற இளைஞர். ரெய்டில் 243 புள்ளிகள். தலைவாஸ் முதல் முறையாக அரையிறுதி கண்டது. பவன் நலமாக இருந்திருந்தால் நரேந்தர் எவ்வளவு நாள் பெஞ்சில் இருந்திருப்பார்? வேறு வழியில்லாமல் கொடுக்கப்பட்ட வாய்ப்பு அது. நமக்கு வேறு வழி இருக்கும்போதே இளைஞர்களை இறக்கிப் பார்க்க ஏன் தயங்குகிறோம்?

வழியனுப்பும் முறை

2022 பிப்ரவரி ஏலம். சுரேஷ் ரெய்னா பெயர் அழைக்கப்பட்டது. அடிப்படை விலை 2 கோடி. யாரும் கை தூக்கவில்லை. சென்னையும்தான். அந்த மஞ்சள் உடையில் 4,687 ஐபிஎல் ரன் அடித்தவர். ரசிகர்கள் ‘சின்ன தல’ என்று கொண்டாடியவர். 2021-ல் 12 ஆட்டங்களில் 160 ரன்தான் எடுத்திருந்தார் என்பதும் உண்மை. கிரிக்கெட் கணக்கில் அந்த முடிவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பார்த்து, தெரிந்து, விட்டது அது.

ஆனாலும் அந்த ஏல அறையின் மௌனம் இன்றும் வலிக்கிறது. வீட்டில் பிறந்த பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது வாசல்வரை வந்து வழியனுப்புகிறோம். பத்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஏலத்துக்கு முன்பே ஒரு நாள், ஒரு மேடை, நிறைந்த சேப்பாக்கத்தில் ஒரு கைதட்டல் என்று ஏற்பாடு செய்திருந்தால் கணக்கும் கெட்டிருக்காது, மனமும் கெட்டிருக்காது. ஜடேஜாவுக்கும் அந்தக் கடன் பாக்கி இருக்கிறது.

கடைசியாகக் கூப்பிட்ட பெயர்

இதையெல்லாம் இவ்வளவு ஆத்திரமாக எழுதக் காரணம் உண்டு. பதினாறு வயதில் நானும் ஒரு தேர்வுக்குப் போனேன். விடிவதற்கு முன் பஸ் பிடித்து, துறையூரில் இறங்கி வேறு பஸ் மாறி, புலிவலம், மண்ணச்சநல்லூர், நம்பர் ஒன் டோல்கேட் தாண்டி, கொள்ளிடம் பாலத்தில் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டு, சத்திரத்தில் இறங்கினேன். அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு பையில் இருந்தது. அண்ணனுடைய வெள்ளைச் சட்டை எனக்குத் தொளதொளவென்று இருந்தது.

காலையிலிருந்து வரிசையில் நின்றேன். நகரத்துப் பையன்கள் பெயர் முதலில் வந்தது. என் பெயரைக் கூப்பிட்டபோது வெளிச்சம் மங்கிவிட்டது. நான்கு பந்து போட்டேன். முதல் பந்து கையிலிருந்து நழுவி வைடு போனது. ஏரிக் கட்டாந்தரையில் டென்னிஸ் பந்து போட்டுப் பழகிய விரலுக்குத் தோல் பந்தின் தையல் அன்றுதான் அறிமுகம். நான்காவது பந்து நான் நினைத்த இடத்தில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பார்க்க வேண்டியவர் காகிதங்களை அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

நான் பெரிய ஆட்டக்காரனாக வந்திருப்பேன் என்று சொல்லவில்லை. வந்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ‘உன்னைப் பார்த்தோம், போதாது’ என்று ஒருவர் சொல்லியிருந்தால் அன்று இரவு கடைசி பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இன்றும் எங்கள் ஒன்றியத்திலிருந்து பிள்ளைகள் இப்படிப் பஸ் ஏறுகிறார்கள். கூடைப்பந்துக்கும் கைப்பந்துக்கும் கபடிக்கும் முதலமைச்சர் கோப்பைப் போட்டிக்கும் போகிறார்கள். அவர்களைத் தேர்வு செய்யும் பெரியவர்களிடம் என் வேண்டுகோள் எளிமையானது. தொலைவிலிருந்து வரும் பிள்ளையை முதலில் கூப்பிடுங்கள். நான்கு பந்து போதாது. இரண்டு ஓவர் கொடுங்கள். முதல் நாள் பதற்றத்தில் சொதப்பியவனுக்கு இரண்டாம் நாள் ஒன்று வையுங்கள். எடுக்காவிட்டால் ஏன் எடுக்கவில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். இதற்குக் கோடிகள் வேண்டியதில்லை. ருதுராஜுக்குக் கிடைத்த நான்காவது ஆட்டம் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும்.

அன்று மாலை பெரியவரைப் பால் சொசைட்டி வாசலில் பார்த்தேன். கேட்டே விட்டேன். “மாமா, ஊரே கேலி பண்ணுது. உங்களுக்கு வருத்தமே இல்லையா?”

கேனை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “ரெண்டு ஈத்து வச்சுப் பாத்தேன் தம்பி. தீனி மாத்திப் பாத்தேன், டாக்டரைக் கூட்டியாந்து காட்டுனேன். என் தொழுவத்துல அது கறந்தது அவ்வளவுதான். அங்க கூடக் கறக்குதுன்னா அது அந்தத் தொழுவத்தோட ராசி. நல்லா இருக்கட்டும்.” கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்தார். “ஒரு வேளைகூடக் கறந்து பாக்காம வித்திருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வந்திருக்காது.”